எத்தனை நாள் இருப்பீர்கள்?

நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியின் மேல் சூடான அயன் பெட்டி படும்போது எழும் மணத்தை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை, பாதி ஆவி, பாதி கருகல், அடியில் கொஞ்சம் கஞ்சி, அவ்வளவுதான், ஆனால் வெருகலில் தங்கை வீட்டு மண்டபத்தில் மருமகள் தன் சாறியை மேசையில் விரித்து, இடது கையால் தண்ணீர் தெளித்து வலது கையால் மினுக்கிக்கொண்டு, வாய்க்குள் எதையோ முணுமுணுத்தபடி நின்ற ஒரு பின்னேரத்தில் அந்த மணம் மூக்கில் ஏறியதும், எனக்கு முன்னால் இருந்த சீமெந்து வீடு விலகிப்போய், ஓலைக் கூரையும் சாணி மெழுகிய திண்ணையுமாக வேறொரு வீடு அந்த இடத்தில் வந்து நின்றது.

அவள் முணுமுணுத்தது தேவாரம் அல்ல. திருகோணமலை நகரில் ஒரு தனியார் வங்கியில் பயிலுனர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை, அதில் வழமையாகக் கேட்கிற கேள்விகளும் அவற்றுக்குச் சொல்ல வேண்டிய பதில்களும் கைத்தொலைபேசியில் வரிசையாக இருந்தன, அதை வெந்நீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு மடிப்பு மினுக்கியதும் ஒரு பதில், இன்னொரு மடிப்புக்கு இன்னொரு பதில் என்று பாடமாக்கிக்கொண்டிருந்தாள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன, ஏன் எங்கள் நிறுவனத்தைத் தெரிவு செய்தீர்கள், ஐந்து வருடத்தில் எந்த நிலையில் இருப்பீர்கள். பலவீனம் என்ற கேள்விக்கு அவள் வைத்திருந்த பதில், எதையும் குறையில்லாமல் செய்து முடிக்க வேண்டும் என்று நினைப்பதால் சிலவேளை நேரம் எடுத்துவிடுகிறது என்பது. கொழும்பிலும் சென்னையிலும் டொரொண்டோவிலும் இதே நேரத்தில் எத்தனை பிள்ளைகள் இதே பலவீனத்தை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள் என்று எண்ணியபோது எனக்குச் சற்று அலுப்பாகத்தான் இருந்தது, தங்கள் குறையைக்கூட இவர்கள் கடையில் வாங்க வேண்டியிருக்கிறதே.

அம்மம்மாவின் அயன் பெட்டி இரும்பு, அதன் மூடிக்கு முன்னால் கொக்கியாகப் பித்தளைச் சேவல் ஒன்று நிற்கும், சேவலைத் திருப்பினால் மூடி திறக்கும், உள்ளே சிரட்டைக் கரியைப் போட்டு, முற்றத்தில் காற்று வரும் பக்கமாக நின்று மெல்ல ஆட்டி ஆட்டிக் கனல வைப்பார், கனன்றதும் அடிப்பக்கத்தை ஒரு வாழையிலையில் இரண்டு மூன்று தரம் இழுப்பார், இலை வதங்குகிற அந்தப் பச்சை வாசமும் நீலமும் சோற்றுக் கஞ்சியும் போட்ட வெள்ளைச் சேட்டிலிருந்து எழும் ஆவியும் சேர்ந்து வீடே விசேட நாள் மாதிரி ஆகிவிடும். சேட்டு என் மாமாவுடையது, அம்மாவின் கடைசித் தம்பி, ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் அந்தக் காலத்தில் எழுத்துவினைஞர் பரீட்சை எழுதி நேர்முகத்துக்குக் கடிதம் வந்த மிகச் சிலரில் ஒருவர், எழுபதுகளின் தொடக்கம் அது. நீளமான மண்ணிறக் கடித உறையை அம்மம்மா சித்திர வேலாயுதர் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்து எடுத்துவந்து, விபூதி ஒட்டியதைத் துடைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார், ஆகவே அரசாங்கத்தின் கடிதம் திருநீற்றோடுதான் திரும்பவும் அரசாங்கத்திடம் போனது.

மாமாவுக்கும் ஆயத்தம் நடந்தது, அது வீட்டுக்குள் அல்ல, ஆற்றங்கரையில். மகாவலியின் ஒரு கிளை வெருகல் ஆறாகப் பிரிந்து கடலில் விழுகிற இந்த இடத்தில், தெற்கே கதிரவெளி வாகரை என்று மட்டக்களப்புப் பக்கம் போகிறவர்களுக்கு அப்போது பாலம் கிடையாது, பாதைதான், மிதவைகளின் மேல் அடித்த பலகைத் தட்டு, கரைக்குக் கரை கட்டிய கம்பிக் கயிற்றைப் பிடித்து ஆட்கள் இழுக்க மெதுவாக நகரும், அதற்குக் காத்திருக்கிறவர்கள் மருத மரத்தடி வாங்கில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வாங்கின் ஒரு மூலை கிளாக்கர் ஐயாவுக்கு உரியது, எங்கும் போகாவிட்டாலும் பின்னேரம் அங்கே வந்து உட்கார்ந்து, வெற்றிலை வட்டாவைப் பக்கத்தில் வைத்து, பாக்கை மிகச் சன்னமாகச் சீவிக்கொண்டிருப்பார். 1956-இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபின் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத மாட்டேன் என்று நின்று, சம்பள உயர்வுகள் தடைப்பட்டு, வயதாகும் முன்னரே ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும், அவர் அதைப் பற்றிப் பேசியதை நான் கேட்டதில்லை, பரீட்சைகளைப் பற்றி மட்டும் ஓயாமல் பேசுவார்.

அவருடைய முறை இதுதான், பாதை எங்கள் கரையை விட்டதும், "இப்ப சொல்லு, நீ ஆர், எங்கத்தையான், என்ன படிச்சனி, பாதை அக்கரையில முட்ட முதல் முடிச்சுப்போடணும்" என்பார், பையன் தொடங்குவான், ஆற்றில் நீரோட்டம் கூடிய நாளென்றால் பாதை ஆடி ஆடிப் போகும், அவனுக்குச் சொல்ல நிறைய நேரம், அமைதியான நாளென்றால் அப்பா பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அக்கரையில் மரம் மரத்தோடு உரசுகிற சத்தம் கேட்கும், கேட்டதும் அவர் கையை உயர்த்துவார், அதற்குமேல் ஒரு சொல் கூடாது. சேற்று வாசமும் தார் பூசிய பலகையின் வாசமும் அவருடைய வெற்றிலை வாசமும் கலந்த அந்தக் கரையில்தான், கதிரையில் இரு என்று சொல்லும்வரை இருக்கக் கூடாது, இருந்தால் சாயக் கூடாது, மேசையில் கை வைக்கக் கூடாது, தெரியாததைத் தெரியாது ஐயா என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், மெதுவாகச் சொன்னால் பொய் மாதிரி இருக்கும் என்பதையெல்லாம் மாமா கற்றார், நானும் பக்கத்தில் நின்று கற்றேன். இந்த உத்தியோகம் ஏன் வேண்டும் என்று கேட்டால் நாட்டுக்குச் சேவை என்று சொல்லாதே, மாதம் முடிய சம்பளம் வரும் ஐயா என்று சொல், அவர்களும் அதற்குத்தான் அங்கே இருக்கிறார்கள் என்பார், சொல்லிவிட்டு ஆற்றுப் பக்கமாகத் திரும்பித் துப்புவார்.

இன்றைக்கு உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்ற கேள்விக்கு இரண்டு நிமிடம் என்று அளந்து வைத்திருக்கிறார்கள், மருமகளின் பட்டியலிலும் அப்படித்தான் இருந்தது, கிளாக்கர் ஐயா ஆற்றைக் கொண்டு அளந்தார், ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொல்வதற்கும் ஏதோ வித்தியாசம் இருக்கத்தான் வேண்டும்.

நேர்முகத்துக்கு முதல் நாளே மாமா புறப்பட்டார், மினுக்கிய சேட்டை வீரகேசரித் தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார், மூதூர்வரை பஸ், அங்கிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்து திருகோணமலைக்கு லோஞ்ச், கரைவழியாகப் போவதென்றால் இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று ஒவ்வொரு துறையிலும் பாதைக்கு இறங்கி ஏற வேண்டும். ஏதோ காரணத்துக்காக என்னையும் கூட்டிப் போனார்கள், பல் டொக்டரிடம் காட்டத்தான் என்று நினைக்கிறேன். மூதூரில் லோஞ்ச் வரத் தாமதம், கிளாக்கர் ஐயா சொல்லியிருந்த கல்லை அப்போதுதான் பார்த்தேன், வெள்ளைக்காரன் மரம் என்று அங்கே சொல்வார்கள், 1893-இல் நட்ட கல், அதற்கு இருநூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன்னால் அந்த இடத்தில்தான் றொபேட் நொக்ஸ் என்ற கப்பல் தலைவனைக் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது.

இந்த நாட்டில் நடந்த முதல் இன்டர்வியூ மூதூரில்தான் என்பது கிளாக்கர் ஐயாவின் கட்சி. மசூலிப்பட்டணத்தில் புயலில் பாய்மரத்தை இழந்த ஆன் என்ற கப்பல் புது மரம் வைக்கக் கொட்டியாரத்துக்கு வந்து நங்கூரம் போட்டது, அரசன் இரண்டாம் இராசசிங்கனுக்குச் செய்தி போய், அவன் ஒரு திசாவையை அனுப்பினான், திசாவைக்கு முன்னால் போய் நின்றவன் கப்பல் தலைவனின் மகன், அவனுக்கும் பெயர் றொபேட் நொக்ஸ், வயது பத்தொன்பது, கேட்ட கேள்வி இரண்டே இரண்டு, நீங்கள் யார், எத்தனை நாள் இருப்பீர்கள். ஆங்கிலேயர், இருபது முப்பது நாளுக்கு மேல் இருக்கமாட்டோம் என்றது பதில். 1660 ஏப்ரலில் பிடிபட்ட அவன் தப்பி மன்னார்க் கரையில் அரிப்புக் கோட்டை ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தது 1679-இல், தகப்பன் அதற்கு வெகு முன்பே சிறையிருப்பிலேயே காய்ச்சலில் செத்துப்போனான், மகன் ஊர் திரும்பி 1681-இல் இலங்கையைப் பற்றி ஒரு புத்தகம் போட்டான். "பதில் பிழையில்ல, அவன் பொய்யும் சொல்லல்ல, எத்தினை நாள் எண்டத முடிவு செய்யிறவன் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன்" என்று கிளாக்கர் ஐயா சொல்லும்போது வாங்கில் இருந்தவர்கள் சிரிப்பார்கள், எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை, ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் லோஞ்சிலும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன், உப்புத் துமி மாமாவின் பத்திரிகைத் தாளை ஓரத்தில் நனைத்தது.

நகரில் நாங்கள் தங்கிய வீடு அம்மப்பாவுக்குத் தெரிந்தவர்களுடையது, அம்மப்பா இளமையில் கடற்படைத் துறையில் வேலை செய்தவர், டொக்யாட் என்றால்தான் எங்கள் ஆட்களுக்கு விளங்கும், 1942 ஏப்ரல் 9-ஆம் திகதி ஜப்பான்காரன் குண்டு போட்டதும் கூலியாட்கள் எல்லாம் கிராமங்களுக்கு ஓடிவிட, வந்தவனை எல்லாம் எடுத்தார்கள், அப்படி எடுபட்டவர்தான். அவரைச் சோதித்த வெள்ளைக்காரன் ஒரு கயிற்றைக் கொடுத்து முடிச்சுப் போடச் சொன்னானாம், போட்டாராம், நாளைக்கு வா என்றானாம், இந்தக் கதையை அவர் திண்ணையில் காலை நீட்டிப் பிரண்டைத் தைலம் தேய்த்துக்கொண்டே சொல்வார், ஒவ்வொரு முறையும் கயிறு தடித்துக்கொண்டே போகும். 1957-இல் பிரித்தானியர் துறையை ஒப்படைத்துவிட்டுப் போனபோது அவர் பிழைப்பும் போனது, அதற்கு எந்த நேர்முகமும் வைக்கவில்லை.

மாமாவிடம் அடுத்த நாள் கேட்டது மூன்று கேள்வி. பெயர், யாருடைய பிள்ளை, சிங்களம் தெரியுமா. நாங்கள் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம், சேட்டின் மடிப்புக்கூடக் கலையாமல் அவர் திரும்பி வந்துவிட்டார், ஆற்றங்கரையில் பழகிய ஒன்றும் தேவைப்படவில்லை. அந்த வேலை யாருக்கோ போனது, அந்தக் காலத்தில் எம்.பி.யின் கடிதம் ஒன்று பையில் இருந்தால் மற்றக் கடிதங்கள் பெரிய விடயமில்லை என்று பேசிக்கொள்வார்கள், மாமா பிறகு சங்கக் கடையில் கணக்கெழுதி, அதிலேயே மனேஜராகி, வாழ்நாள் முழுக்கக் கைநீட்டு வெள்ளைச் சேட்டே போட்டார்.

கிளாக்கர் ஐயாவின் மாணவர்களில் எத்தனை பேருக்கு உத்தியோகம் கிடைத்தது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை, அவரை மேலே வைத்து இன்றைய பிள்ளைகளைக் கீழே வைப்பது எனக்கு இலகுவாக வருகிறது, ஆனால் யாருடைய பிள்ளை என்ற கேள்வி இருக்கிறதே, நினைவில் இனிப்பாகத்தான் ஒலிக்கிறது, ஊரில் எந்த வீட்டுத் திண்ணையில் ஏறினாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள், கேட்டுவிட்டுத் தேத்தண்ணி கொடுப்பார்கள், மேசைக்குப் பின்னால் இருந்து கேட்கும்போது அதே கேள்வி ஊரையும் சாதியையும் கட்சியையும் ஒரே மூச்சில் விசாரித்துவிடுகிறது, பதில் பிடிக்காவிட்டால் தேத்தண்ணி இல்லை.

இதையே அன்று மினுக்கிக்கொண்டிருந்த மருமகளிடம் கேட்டுப் பார்த்தேன், பரீட்சகராக நடிக்கச் சொல்லிக் கதிரையில் இருத்திவிட்டாள், முதல் கேள்வியாக நீ யாருடைய பிள்ளை என்றேன், அவள் அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அதெல்லாம் இப்ப கேக்கக் கூடாது மாமா, கேட்டா அவங்களுக்குத்தான் புள்ளி குறையும்" என்றாள். கோணேசபுரி வளாகத்தில் படித்தவள், 2017-இல் திருகோணமலையில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காகத் தெருவோரத்தில் உட்கார்ந்திருந்ததைப் பாடசாலைக்குப் போகிற வயதில் பார்த்தவள், அரச வேலைக்குக் காத்திருப்பதில்லை என்று அப்போதே முடிவெடுத்துவிட்டதாகச் சொல்கிறாள். அங்கே இரண்டு விதமாம், பொது நேர்முகம் என்றால் புள்ளியே இல்லை, தகைமைப் பத்திரங்களைச் சரிபார்ப்பதோடு சரி, கட்டமைக்கப்பட்ட நேர்முகம் என்றால் மேலதிகப் படிப்புக்கு இத்தனை, மொழிக்கு இத்தனை, வெளிப்படுத்துகைக்கு இத்தனை என்று புள்ளித் திட்டம் முன்கூட்டியே அச்சாகி இருக்கும். வங்கியில் எந்தத் திட்டமும் வெளியே தெரியாது, அதனால்தான் இந்த மனப்பாடம்.

மனப்பாடத்தைச் சொல்லியும் குற்றமில்லை, 1921-இல் அமெரிக்காவில் எடிசன் தன்னிடம் வேலை கேட்டு வந்த பட்டதாரிகளுக்கு நூற்றுக்கு மேற்பட்ட பொது அறிவுக் கேள்விகளைக் கொடுத்துத் திணறடித்தார், கேள்விகள் பத்திரிகையில் வெளிவந்துவிட, அவர் புதிதாகக் கேள்வி தயாரிக்க வேண்டியதாயிற்று, கேட்கிறவன் ஒரு பக்கம் ஓட, பதில் சொல்கிறவன் மறுபக்கம் துரத்துவது நூறு வருடமாக நடக்கிறது. இப்போதைய கேள்விகள் பொது அறிவைக் கேட்பதில்லை, அனுபவத்தைக் கேட்கின்றன, நீங்கள் எதிர்கொண்ட பெரிய சவால் ஒன்றைச் சொல்லுங்கள் என்று, அதற்கும் ஒரு அச்சு இருக்கிறது, ஸ்டார் என்கிறாள், முதலில் சூழ்நிலை, பிறகு அதில் உனக்கிருந்த பொறுப்பு, பிறகு நீ செய்தது, கடைசியில் விளைவு, விளைவில் ஒரு எண் இருந்தால் இன்னும் நல்லதாம். அவள் எழுதி வைத்திருந்த சவால், பல்கலைக்கழகத்தில் குழுவாகச் செய்த ஒப்படை ஒன்றில் ஒருத்தி தன் பங்கைச் செய்யாமல் விட்டதும், மற்றவர்கள் இரண்டு நாளில் அதைச் செய்து முடித்ததும்.

அவளுடைய அண்ணனைப் பற்றித்தான் நான் அப்போது நினைத்தேன். 2006 ஓகஸ்ட்டில் அவன் உயர்தரப் பரீட்சை எழுத இருந்தான், ஜூலையில் மாவிலாற்று அணைக் கதவை மூடியதோடு சண்டை தொடங்கி, ஈச்சிலம்பற்று சனம் முழுவதும் இதே வெருகல் ஆற்றைக் கடந்து கதிரவெளிக்கும் வாகரைக்கும் போனது, நவம்பரில் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமிருந்தவர்கள் மேல் ஷெல் விழுந்தது, பிறகு காடும் கரையுமாக நடந்து மட்டக்களப்பு முகாம்கள், 2007-இல்தான் திரும்பி வரத் தொடங்கினார்கள். தங்கை ஒரு தோளில் ஐந்து வயதுப் பிள்ளையையும் மறுகையில் ஒரு சொப்பிங் பையையும் கொண்டு ஆற்றைத் தாண்டினாள், பைக்குள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டை, சாதாரணதரச் சான்றிதழ், காணி உறுதி, எல்லாவற்றையும் இரண்டு ரப்பர் பட்டியால் கட்டி, பூச்சி வராமலிருக்க நப்தலின் உருண்டையும் போட்டு வைத்திருந்தாள், இன்றைக்கும் அந்தப் பத்திரங்களை எந்த அலுவலகத்தில் எடுத்து நீட்டினாலும் அந்த நெடி முதலில் எழுந்து நிற்கும். பையன் இரண்டு வருடம் பிந்திப் பரீட்சை எழுதி, பிறகு ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நேர்முகம் போனான், கொழும்பிலிருந்து வந்த அம்மா ஒருவர், நல்ல மாதிரியானவர்தான், விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு 2006-க்கும் 2008-க்கும் இடையில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார், குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பரீட்சைக்குத் தோற்ற முடியவில்லை மேடம் என்று அவன் ஏற்கெனவே பாடமாக்கியிருந்ததைச் சொன்னான், வேலை கிடைத்தது, திட்டம் முடிந்ததும் வெள்ளை வாகனங்கள் போயின, அவன் இப்போது கட்டாரில் இருக்கிறான்.

இதை வைத்து நான், உனக்குச் சொல்வதற்குப் பெரிய சவால் ஒன்று இருக்கிறதே, ஒப்படைக் கதை எதற்கு என்று கேட்டேன். "எனக்கு ஞாபகமில்ல மாமா, அம்மா சொல்லித்தான் தெரியும், ஞாபகமில்லாதத எப்பிடி என்ட அனுபவம் எண்டு சொல்ற" என்றாள், சொல்லிவிட்டு முந்தானைப் பக்கத்தைத் திருப்பி விரித்தாள். எனக்கு அது பதிலில்லாத பதிலாக இருந்தது, அவளுக்குப் பதிலாக நினைத்துக்கொண்டிருப்பதை நான் எப்போது தொடங்கினேன் என்று தெரியவில்லை.

நேர்முகத்தன்று விடிய முதல் பஸ்ஸில் இருவரும் போனோம். A15 வீதியில் இப்போது பஸ் நிற்பதே இல்லை, இறால்குழி எப்போது வந்தது எப்போது போனது என்று தெரியவில்லை, கங்கையும் உப்பாறும் யன்னலில் ஒருதரம் மின்னிவிட்டுப் போயின, வெருகல் உட்பட இந்தத் துறைகளில் எல்லாம் 2011-இல் பாலங்கள் வந்துவிட்டன, மீன் கூடையோடு ஏறும் பெண்களும் இஞ்சிப் பிளேன்டீ விற்கும் கடையும் பாதைக்காரனோடு சண்டை பிடிக்கும் கிழவரும் இல்லாத ஆறு வெறும் தண்ணீராகக் கிடந்தது, ஒரு பதிலை ஆரம்பிக்கிற அளவுக்குக்கூட அகலமில்லாதது போல எனக்குப் பட்டது, அந்தப் பஸ்ஸில் எனக்கு மட்டும்தான் அப்படிப் பட்டிருக்கும். பிரசவத்துக்கு மூதூருக்கும் திருகோணமலைக்கும் கொண்டுபோக வழியில்லாமல் இரவில் துறையில் காத்துக் கிடந்த பெண்களைக் கேட்டால் பாலத்தைத்தான் கும்பிடுவார்கள்.

கிண்ணியாப் பாலம் கொஞ்சம் நீளம், 396 மீற்றர், 2009-இல் திறந்தது, அதில் ஏறும்போது அவள் கைத்தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, "கடைசியா ஒண்டு கேளுங்க, லிஸ்ட்ல இல்லாதது" என்றாள். திசாவை கேட்டதைக் கேட்டேன், எங்களோடு எத்தனை காலம் இருப்பீர்கள்.

வெளியே கொட்டியாரக் குடா வெயிலில் கண் கூசியது, அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நீங்க எவ்வளவு காலம் வெச்சிருப்பீங்க எண்டு முதல்ல சொல்லுங்க சேர் என்றாள், பிறகு தானே சிரித்து, "இதச் சொல்லமாட்டன், பயப்படாதீங்க" என்று சாறி மடிப்பைச் சரிசெய்தாள். நான் சொல்லச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை, சீனக்குடாச் சந்தியில் ஆட்கள் ஏற, எழுந்து ஒரு கிழவிக்கு இடம் கொடுத்தேன், அவர் உட்கார்ந்ததும் மருமகளைப் பார்த்து, "நீ ஆர்ர புள்ள?" என்றார்.

அவள் சொன்னாள், முழுதாக, அம்மா பெயர், அப்பா பெயர், வெருகலில் எந்தப் பக்கம், கோயிலிலிருந்து எத்தனையாவது ஒழுங்கை என்பதுவரை, கிழவி அதில் யாரையோ அடையாளம் கண்டுபிடித்துவிட்டார், நகரம் வரும்வரை அந்தப் பேச்சு முடியவில்லை.